அறுபத்திரண்டு அங்குலம்

அன்புள்ள ஐயா,

நிமோனியா வந்து என் அம்மா மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஐசியூவில் இருந்தார். அதில் ஐந்து நாள் வென்டிலேட்டர். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே காத்திருந்தபோது போனில் ஒரு செய்தி படித்தேன். நோயாளியின் உடம்பைக் கம்ப்யூட்டரில் கணக்காக உருவாக்கி, மருந்தையும் மூச்சையும் முதலில் அந்த நகலுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பிறகுதான் ஆளுக்குக் கொடுக்கிறார்களாம். உயிரை எண்ணாக்குவதல்லவா இது? டாக்டரின் கைராசி என்று நாம் சொல்வதெல்லாம் என்ன ஆகும்? மதுரைக்கு இது எப்போது வரும்?

எம்., திருமங்கலம்

அன்புள்ள எம்.,

அம்மா வீடு திரும்பியதில் சந்தோஷம். ஐசியூவிலிருந்து வந்தவர்களுக்குக் கைகால் தெம்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். படுத்தே கிடக்கவும் விடாதீர்கள்.

கைராசியை விட்டுவிடுவோம், அதற்குப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் ‘உயிரை எண்ணாக்குவது’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஐந்து நாள் உங்கள் அம்மாவின் தலைமாட்டில் மானிட்டரில் ஓடியது என்ன, வெண்பாவா? எண் இல்லாமல் ஐசியூ கிடையாது. அந்த எண் யாருடையது என்று மட்டும் கேளுங்கள்.

என் அப்பா புது மண்டபத்தில் தையல்காரர். தூணோரம் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அப்பா அதைப் பார்க்கவில்லை. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷம் போடுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். அப்பா மார்பளவை இரண்டு தடவை எடுப்பார். மூச்சை இழுக்கச் சொல்லி ஒன்று, விடச் சொல்லி ஒன்று. “ஆடுற உடம்புய்யா, நிக்கிற உடம்புக்குத் தச்சா கிழிஞ்சிரும்” என்பார். விலை உயர்ந்த துணியாக இருந்தால் நேரே கத்தரி வைக்கமாட்டார். பழைய தினத்தந்தியை வெட்டி, ஆளின் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணிக்கு வருவார். நீங்கள் போனில் படித்தது இந்தப் பேப்பர் வெட்டுதான், எம்.

2013-ல் அப்பாவுக்கும் நிமோனியா. ஊரிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வென்டிலேட்டர் வைக்கும்போது எடை கேட்டார்கள். 84 கிலோ என்றேன். ஒரு மூச்சுக்கு 500 மில்லி என்று வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி வேறொரு டூட்டி டாக்டர், சின்னப் பெண், வெளியே வந்து “அப்பா என்ன உயரம்?” என்று கேட்டார்.

“சுமாரா என் தோள் வரைக்கும் வருவார்.”

“சுமாரா வேண்டாம் சார்.”

வார்டில் டேப் இல்லை. என்னிடம் ஒரு பிளாஸ்டிக் கவர் கொடுத்திருந்தார்கள். அப்பாவின் வாட்ச், பல் செட், அறுத்தெடுத்த அரைஞாண் கயிறு, அப்புறம் சட்டைப்பையில் இருந்த மஞ்சள் இஞ்சி டேப். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிஸ்டர் குதிகாலில் ஒரு முனையைப் பிடிக்க, அந்தப் பெண் உச்சந்தலை வரை இழுத்தார். அறுபத்திரண்டு அங்குலம். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக அளந்தார்கள் என்று நினைக்கிறேன்.

நுரையீரலின் அளவு உயரத்தையும் ஆணா பெண்ணா என்பதையும் பொறுத்தது. தொப்பை வளர்ந்தால் நுரையீரல் வளராது. அதனால் மூச்சுக்குத் தராசு எடையைப் பார்ப்பதில்லை, உயரத்துக்கு ஏற்ற எடையைத்தான் பார்க்க வேண்டும். ஆணுக்கு 152.4 சென்டிமீட்டருக்கு 50 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ என்று ஒரு கணக்கு. அப்பாவுக்கு வந்தது 54.6 கிலோ. கிலோவுக்கு 6 மில்லி வீதம் கொடுத்தால் 330-கூட வராது. கொடுத்துக்கொண்டிருந்ததோ 500. இது யாருக்கும் தெரியாத ரகசியமும் இல்லை. நுரையீரல் கெட்டுப்போன 861 பேரிடம் அமெரிக்காவில் சோதித்து 2000-லேயே வெளியிட்டுவிட்டார்கள். கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தவர்களில் 39.8 சதவீதம் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தவர்களில் 31.

பதினோராம் நாள் அப்பா போய்விட்டார். அந்த இரண்டு நாள் மூச்சுதான் கொன்றது என்று சொல்லமாட்டேன், கிருமி ரத்தத்தில் பரவியிருந்தது. ஆனால் அந்த 500 யாரோ ஒரு ஆறடி ஆளின் மூச்சு.

நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் அளக்கிறது. அதிலிருந்து நுரையீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது, மூச்சுக்குழாய் எவ்வளவு தடுக்கிறது என்று அந்த ஆளுக்கே, அந்த நேரத்துக்கே கணக்குப் போடலாம். அழுத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிலேயே கூட்டிப் பார்க்கலாம். சர்க்கரைக்கும் இப்படித்தான். இன்சுலினுக்கு ஐசியூ உடம்பு காலையில் கேட்கிற மாதிரி சாயங்காலம் கேட்காது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, அடுத்த சில மணி நேரத்தில் சர்க்கரை எங்கே போகக்கூடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து இன்சுலினையும் உணவையும் முடிவு செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே இலக்கு வைத்துச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்ததும் நடந்திருக்கிறது. 2001-ல் பெல்ஜியத்தில் அது உயிர்களைக் காப்பாற்றியது. 2009-ல் ஆறாயிரத்துச் சொச்சம் பேரிடம் வேறு நாடுகளில் செய்தபோது சாவு கூடியது, 24.9 சதவீதத்திலிருந்து 27.5-க்கு.

மதுரைக்கு எப்போது வரும் என்கிறீர்கள். மெஷின் வரும். வரும்போது உங்களிடம் என்ன கேட்கும் தெரியுமா? இவ்வளவு நீளக் கடிதத்தில் அம்மா சாப்பிட்டுவந்த மாத்திரையின் பெயர் ஒன்றுகூட இல்லை. வயது இல்லை. உயரம் இல்லை. பாசத்துக்கு மட்டும் குறைவில்லை.

இன்றைக்கே ஒரு இஞ்சி டேப் வாங்குங்கள், பத்து இருபது ரூபாய்தான். அம்மாவால் நேராக நிற்க முடியாவிட்டால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை எடுங்கள், கிட்டத்தட்ட உயரம் வந்துவிடும். அடுத்த கடிதத்தில் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள். ‘சுமாராக’ என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.