சர்ஃபிங் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்தினால் சற்றுப் பின்னால் படுங்கள்

வெளிநாடு போன இடத்தில் முதல்முறை சர்ஃபிங் பழகுகிறீர்கள், ஒவ்வொரு அலையிலும் போர்டின் மூக்கு, அதாவது முன்நுனி, தண்ணீருக்குள் குத்தித் தலைகுப்புற விழுகிறீர்கள், நாளை ஒரு நாள்தான் பாக்கி. சரிதானே? நானும் முதல் நாள் முழுக்க உப்புத் தண்ணீர்தான் குடித்தேன்.

நீங்கள் ரொம்ப முன்னால் படுக்கிறீர்கள். இரண்டு மூன்று அங்குலம் பின்னால் நகருங்கள், மூக்கு தண்ணீருக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அளவு மீறிப் பின்னால் போனால் மூக்கு வானம் பார்க்கும், அலை உங்களை விட்டுவிட்டு அடியில் நழுவிவிடும். சரியான இடம் பிடிபட்டதும், மார்புக்கு நேரே போர்டில் சின்னதாக ஓர் அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழும்போது விளிம்பைப் பிடிக்காதீர்கள், போர்டு ஆடும். உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் பதித்து ஊன்றி எழுங்கள். கண் காலைப் பார்த்தால் விழுவது உறுதி, கரையைப் பாருங்கள். இதை இன்றிரவே அறைத் தரையில் இருபது தடவை செய்து பாருங்கள் (கீழ் வீட்டுக்காரர் மன்னிப்பார்).

தனியாகப் போகலாமா என்றால், நாளைக்கும் பயிற்சியாளரோடு போவதே நல்லது. எட்டு ஒன்பது அடி நுரைப் போர்டு, இடுப்பளவு தண்ணீர், உடைந்து வரும் வெள்ளை நுரை அலை போதும். விழுந்தால் தட்டையாக விழுங்கள், மேலே வரும்போது கைகளால் தலையை மூடுங்கள். கணுக்காலில் கட்டிய கயிறு போர்டை உங்கள் பக்கமே இழுத்து வரும். நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்துப் போராடாமல், போர்டை விடாமல், கரைக்கு இணையாக நகருங்கள்.

அப்புறம், பயணக் காப்பீட்டில் சர்ஃபிங் அடங்குமா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.