கப்பலை ஏன் மறிக்கலை?

வணக்கம் சார். 1985ல அமெரிக்காவோட போலார் சீ கப்பல் கனடாகிட்ட அனுமதியே கேக்காம ஆர்க்டிக் தீவுகளுக்கு நடுவுல போச்சுன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. அதை எப்படி சும்மா விட்டாங்க? போர்க்கப்பலை அனுப்பி மறிச்சிருக்க வேணாமா?
- ஒரு வாசகர்

வணக்கம் தம்பி. கனடா ஜனங்களுக்கும் அன்னிக்கு இதே கோவம்தான். ஆனா மறிக்கிறதுன்னா எதை வச்சு மறிக்கிறது, போலார் சீ ஐஸை உடைச்சுக்கிட்டு போற கோஸ்ட் கார்டு கப்பல், அந்த ஐஸுக்குள்ள போற மாதிரி ஒரு போர்க்கப்பல்கூட அப்போ கனடா நேவிகிட்ட கிடையாது. அதோட எதிர்ல நிக்கிறது நேட்டோ கூட்டாளி.

சும்மாவும் விடலை. அதுக்கு முன்னாடியே, 1969ல மன்ஹாட்டன்னு ஒரு அமெரிக்க ஆயில் டேங்கர் இதே வழியில வந்தப்ப கனடா என்ன பண்ணுச்சுன்னா, அவங்க கேக்காமலே அனுமதி குடுத்துட்டு ஐஸ் உடைக்கிற தன்னோட கப்பலான ஐஸ்பிரேக்கரையும் கூட அனுப்புச்சு, டேங்கர் ஐஸ்ல சிக்கினப்ப அதுதான் போய் உடைச்சு விட்டுச்சு. அடுத்த வருஷமே, 1970ல, கரையிலேர்ந்து 100 கடல் மைல் வரைக்கும் கப்பல் கழிவு கொட்டக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. எங்க கடல்னு கத்தாம, இந்தக் கடலை பாத்துக்கிறது நாங்கதான்னு காட்டுனாங்க பாருங்க, எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா படுது. பின்னாடி ஐநா கடல் சட்டத்துலயே ஐஸ் மூடுன கடல்ல மாசு பண்ணாம இருக்க கரையோர நாடே சட்டம் போடலாம்னு தனியா 234வது பிரிவு வந்துச்சு.

போலார் சீ போன அடுத்த மாசமே தீவுக்கூட்டத்தை சுத்தி, இதுக்குள்ள இருக்கறது எங்க கடல்னு கனடா எல்லைக்கோடு அறிவிச்சாங்க, 1986 ஜனவரி 1லேர்ந்து அமல். 1988ல அமெரிக்க அதிபர் ரீகனும் கனடா பிரதமர் மல்ரூனியும் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, அமெரிக்க ஐஸ்பிரேக்கர் வரணும்னா கனடாவோட சம்மதம் வாங்கணும், ஆனா அது யாரு கடல்ங்கற தகராறுல ரெண்டு பேரும் அவங்கவங்க வாதத்தை விட்டுக் குடுக்கலை. இது எந்த நாட்டுக் கப்பலும் போகக்கூடிய சர்வதேச நீரிணைன்னு அமெரிக்கா இன்னும் சொல்லிட்டுதான் இருக்கு.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்லிடறேன், மனசு கேக்கலை. 1953ல வடக்கு கியூபெக்ல இனுக்ஜுவாக்ங்கற ஊர்லேர்ந்து, ஆர்க்டிக் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களை கனடா அரசாங்கம் கப்பல்ல ஏத்தி கிட்டத்தட்ட 2000 கிலோமீட்டர் தள்ளி, அந்த ஆர்க்டிக் தீவுகள்ல இருக்கற கிரைஸ் ஃபியார்ட்லயும் ரெசல்யூட்லயும் பிரிச்சு எறக்கி விட்டாங்க. வேட்டை நல்லா கிடைக்கும், புடிக்கலைன்னா ரெண்டு வருஷத்துல திரும்பிடலாம்னு சொன்ன வாக்கை காப்பாத்தலை. மாசக்கணக்குல சூரியனே வராத இருட்டை அதுவரைக்கும் அவங்க பாத்ததே இல்லை. இது கனடா மண்ணுன்னு காட்டறதுக்கு எங்களை மனுஷக் கொடிக்கம்பமா நட்டுட்டாங்கன்னு அந்த ஜனங்க சொல்றாங்க, நான் அதைத்தான் நம்புறேன். அரசாங்கம் மன்னிப்பு கேட்டது 2010லதான்.

இதுல தாங்க முடியாதது என்னன்னா, இனுயிட் ஜனங்களோட கனடா போட்ட 1993 நுனாவுட் ஒப்பந்தத்துலயே இந்தத் தீவுக்கூட்டத்துக் கடல் மேல கனடாவோட உரிமைக்கு இனுயிட் ஜனங்க அங்க வாழ்றதும் பொழைக்கிறதும் ஆதாரம்னு எழுதியிருக்கு. அப்ப அன்னியக் கப்பல் வந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, மொதல்ல அங்க இருக்கறவங்களுக்கு வீடு, ஆஸ்பத்திரி, வாங்கற விலையில சாப்பாடு, அதுக்கப்புறம்தான் போர்க்கப்பல்னு சொல்லுவேன்.

கிரைஸ் ஃபியார்ட்ல இப்ப ஒரு கல் சிலை இருக்கு, ஒரு பொம்பளையும் சின்னப் பையனும் ரெசல்யூட் பக்கம் பாத்துட்டு நிக்கிறாங்க. ரெசல்யூட்ல ஒரு ஆம்பளை தனியா கிரைஸ் ஃபியார்ட் பக்கம் பாத்துட்டு நிக்கிறான்.