அண்ணாச்சியிடம் கேளுங்கள்: கயிறு எங்க, நீ எங்க?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி தியானத்தைப் பற்றி. போன இதழில் போகிற போக்கில் விபாசனா (புத்தர் வழித் தியானம்) என்று ஒரு வார்த்தை எழுதித் தொலைத்தேன், அதன் பலன். நான் குரு இல்லை. அம்பாசமுத்திரம் பக்கத்தில் தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பது வருசம் ஸ்டாம்பு கிழித்துக் கொடுத்தவன். பட்டதைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் இரண்டு மூச்சு தாண்டுவதில்லை. அடுப்பில் வைத்த பால், மகன் ஃபீஸ், நாத்தனார் நேற்றுச் சொன்ன சொல் என்று மனசு ஓடிவிடுகிறது. எனக்கு இது வராதோ?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

தங்கச்சி, எங்கள் வீட்டில் கடைசல் பட்டறை இருந்தது. தாத்தா சொப்புச் சாமான் கடைவார். விரல் நீள உலக்கை, குட்டி உரல், குடம். மோட்டார் வராத காலம். மரக்கட்டை மாட்டிய தண்டில் கயிற்றைச் சுற்றி, இரண்டு கையாலும் ஒருத்தர் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். தாத்தா கையில் உளி. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என் கையில் கயிறு. உலக்கைக்கு நீள இழுப்பு, குடத்தின் கழுத்துக்குக் குட்டை இழுப்பு. என் கண் தெருவில் கோலி ஆடும் பயல்கள் பக்கம் போனால் போதும், இழுப்பு தளரும், உளி மரத்தைக் கடித்துவிடும். தாத்தா தலையைத் தூக்காமலே, "ஏல, கயிறு எங்க, நீ எங்க?" என்பார். வைய மாட்டார், அடிக்க மாட்டார். நான் கயிற்றுக்குத் திரும்புவேன். ஒரு மத்தியானத்தில் இருபது தடவையாவது இது நடக்கும்.

நாற்பது வருசம் கழித்து, புத்தர் தியானத்தைப் பற்றிச் சொன்ன ஸதிபட்டான சூத்திரத்தைப் படித்தபோது ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். மூச்சைப் பற்றிச் சொல்லும்போது புத்தர் காட்டும் உவமை கடைசல்காரன்! கைதேர்ந்த கடைசல்காரனோ அவனுடைய சீடனோ, நீளமாக இழுக்கும்போது 'நீளமாக இழுக்கிறேன்' என்று அறிகிறான். குட்டையாக இழுக்கும்போது 'குட்டையாக இழுக்கிறேன்' என்று அறிகிறான். அதுபோல நீள மூச்சை நீளம் என்றும், குட்டை மூச்சைக் குட்டை என்றும் அறியவேண்டும். அந்தச் சீடப்பயல் நான்தானே! நீள மூச்சு உசத்தி, குட்டை மூச்சு மட்டம் என்று அங்கே ஒரு பேச்சும் இல்லை. மூச்சை அடக்கு, இழுத்துப் பிடி என்றும் இல்லை. அறிகிறான், அவ்வளவுதான்.

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் இதற்கு ஸதி என்று பெயர். (தமிழில் சொன்னால் யாருக்கோ குழி பறிப்பதுபோல இருக்கும், அதனால் நம்மவர்கள் நற்கடைப்பிடி என்று எழுதுகிறார்கள்.) அந்தச் சொல்லுக்கு அடியில் இருக்கும் பொருள் நினைவு. நாத்தனார் பேச்சுக்குள் போய்விட்டோம் என்று உங்களுக்குத் தெரிகிறதே, அந்த நொடியில் வருவதுதான் ஸதி. அதைப் போய் நீங்கள் தோல்விக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறீர்கள். மனசு ஓடாமல் இருந்தால் திரும்பப் பழகுவது எப்படி?

பிடிமானம் வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் என்ற பிக்கு எழுதிய விசுத்திமக்கம் என்ற தியான நூல், ஐந்துக்குக் குறையாமலும் பத்துக்கு மேல் போகாமலும் எண்ணச் சொல்கிறது. எப்படி? முதலில் நெல் அளக்கிறவன்போல நிதானமாக. நம் ஊர்க் களத்தில் மரக்கால் பிடிக்கிறவர் ஒன்று என்று சொல்லாமல் "லாபம்... லாபம்..." என்று அந்த மரக்கால் கொட்டி முடியும்வரை இழுப்பாரே, அந்த நிதானம். எண்ணிக்கை தப்பினால் மறுபடி லாபத்திலிருந்து. பாலை மட்டும் இறக்கி வைத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: இதைச் செய்தால் புத்த மதத்துக்கு மாறவேண்டுமா? நாங்கள் வருசா வருசம் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள்.
(ஒரு வாசகர், ஏரல்)

வேண்டாம். நடந்தே போங்கள். நடக்கும்போது 'நடக்கிறேன்' என்று அறிவதும் அதே ஸதிபட்டான சூத்திரத்தில் உள்ள பயிற்சிதான்.

புத்தம் நமக்கு ஏதோ வெளியூர்ச் சரக்கு என்றும் நினைக்கவேண்டாம். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதர் என்ற போதிசத்துவரிடம் என்று பாடுகிறது பதினொன்றாம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியம். எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். பொதிகையைப் பார்த்தபடி பல் தேய்க்கிறவர்கள் நாம், இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வயது 52, விசைத்தறி ஓட்டுகிறேன். மூட்டுவலி, பிரஷர் இரண்டும் உண்டு. பத்து நாள் விபாசனா போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மச்சான். ராத்திரிச் சாப்பாடே கிடையாதாமே?
(ஒரு வாசகர், சங்கரன்கோவில்)

மச்சானிடம் ஒரு கதையைச் சொல்லுங்கள். இந்தப் பத்து நாள் முறையை 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்கா, பர்மாவில் பெரிய வியாபாரி. தாங்கமுடியாத ஒற்றைத் தலைவலி, அதற்கு மார்ஃபின் என்ற வலிமருந்து ஊசி. 1955இல் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் போகிறார். சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் அவர். சொந்த ஆபீஸ் ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்த அதிகாரி. (எனக்கு வாய்த்த அதிகாரிகளை நினைத்து ஒரு பெருமூச்சு.) தலைவலிக்காக என்றால் வராதே, இது அதற்கான இடமில்லை என்று முதலில் அவர் மறுத்துவிட்டார். தலைவலி அப்புறம் போயிற்று, ஆனால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், பையில் எடுத்துப்போங்கள். மனசுக்கு மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் விண்ணப்பத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள், டாக்டரையும் கேளுங்கள். எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் ஒத்துவருகிற விஷயம் இல்லை இது.

சாப்பாடு விஷயம் உண்மை. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு. சாயங்காலம் ஐந்துக்குப் புதியவர்களுக்குப் பழமும் டீயும். ஒன்பது நாள் பேச்சு கிடையாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை கொடுக்கலாம். முதல் மூன்று நாள் மூக்கடியில் மூச்சு மட்டும். நாலாம் நாள்தான் விபாசனா: தலையிலிருந்து கால்வரை என்னென்ன உணர்ச்சி வருகிறதோ அதைப் பார்த்துக்கொண்டே போவது. அதன்பிறகு தினம் மூன்று தடவை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். முட்டிக்காரர்களுக்கு நாற்காலி உண்டு, கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

நான் கூச்சப்பட்டேன். ஐந்தாம் நாள் என் வலது முட்டி பழுக்கக் காய்ச்சிய இரும்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நிமிசம் இருந்து, காலை நீட்டிவிட்டேன். மறுநாள் வேறு மாதிரி பார்த்தேன். வலி வலி என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேனே, அவிழ்த்தால் உள்ளே ஓரத்தில் ஒரு சூடு, நடுவில் துடிப்பு, கீழே ஒரு இழுவை. துடிப்பு நிற்கிறது, வேறு இடத்தில் வருகிறது. ஒன்றுமே அரை நிமிசம் ஒரே மாதிரி இல்லை. அநித்தியம் என்று ஆயிரம் தடவை காதால் கேட்டிருக்கிறேன், முட்டியால் கேட்டது அன்றைக்குத்தான். இவற்றுக்குமேல் 'ஐயோ, என் கால் போச்சே' என்று தனியாக ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான். வலியைவிட அவன் சத்தம்தான் பெரிசு. அவனை அடையாளம் கண்டுகொண்டதுதான் பத்து நாளில் எனக்குக் கிடைத்தது. முட்டி இன்றைக்கும் வலிக்கத்தான் செய்கிறது, தைலம் தேய்க்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் அம்மன் கொடை. மூன்று நாளாக ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது. இதில் எங்கே தியானம்?
(ஒரு வாசகர், வள்ளியூர்)

காட்டுக்கோ மரத்தடிக்கோ ஆளில்லாத வீட்டுக்கோ போய் உட்கார் என்று அந்த ஸதிபட்டான சூத்திரமே சொல்கிறது, ஆகையால் உங்கள் குறை நியாயமானது. போக இடமில்லையென்றால் மகாசி சயாடோ என்ற பர்மியப் பிக்கு கற்றுக்கொடுத்த வழி ஒன்று உண்டு. சத்தம் வந்தால் சண்டை போடாமல், 'கேட்கிறது, கேட்கிறது' என்று மனசுக்குள் குறித்துக்கொள்ளவேண்டும். எரிச்சல் வந்தால் 'எரிச்சல், எரிச்சல்'. பட்டறைச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு இது சுலபமாகவே பிடிபட்டது.

எங்கள் தெருக் கொடையில் போன மாதம் நானும் அப்படிக் குறித்துக்கொண்டுதான் இருந்தேன், ராத்திரி பத்து மணிவரை. அப்புறம் வில்லுப்பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போய்விட்டேன்.