பதினேழு வயது மாணவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்கலாமா?

வணக்கம். உங்கள் ஆய்வில் 16 முதல் 21 வயதுள்ள மாணவர்களிடம் போதைப் பழக்கம், பாலுறவு, மனச்சோர்வு மூன்றையும் பெயரோடு கேட்கப் போவதாகவும், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். குழு தயங்கியது சரி என்றே நினைக்கிறேன்.

பெரிய சிக்கல் வயதுதான். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழுள்ளவரோடு பாலுறவு என்பது இருவரும் விரும்பியிருந்தாலும் குற்றம். அது தெரிய வந்தால் போலீசுக்குத் தெரிவிக்கும் கடமை ஆய்வாளருக்கும் உண்டு. அப்புறம் "யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று ஒப்புதல் படிவத்தில் எப்படி எழுதுவீர்கள்? நம்பி எழுதிய பிள்ளைக்கு நாமே கேடு செய்ததாகிவிடும். போதாததற்கு, 18க்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் பொதுவாகக் கேட்பார்கள். அப்பா கையெழுத்துப் போட்ட தாளைக் கொடுத்துவிட்டு எந்தப் பையன் கஞ்சாவைப் பற்றி உண்மை எழுதுவான்? இந்த ஆய்வை 18 முதல் 21 என்று சுருக்குங்கள். பெயர், பதிவு எண் இரண்டுமே வேண்டாம்.

பெயரில்லாவிட்டால் இன்னொரு கவலை வரும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் உண்டு என்று குறித்தவரைப் பிறகு தேட முடியாது. ஆகவே உதவி அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். டேப்லெட்டில் நடத்தினால், அந்தப் பதில் வந்ததுமே அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலிமானஸின் எண் 14416 திரையில் வரும்படி செய்யுங்கள். பக்கத்து அறையில் ஓர் ஆலோசகர் இருக்கட்டும். வகுப்பாசிரியர் மட்டும் அந்தப் பக்கமே வரக்கூடாது.