வேலையும் கைக்குழந்தையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோவை, திருப்பூர் வட்டாரத்தில் 22 ஆண்டுகளாகத் தொழிலாளர் வழக்குகளை நடத்திவருகிறேன். பேறுகால விடுப்பு, குழந்தைக் காப்பகம், திரும்ப வேலைக்குச் சேர்வது ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. ஓராண்டு முடித்தால்தான் பேறுகால விடுப்பு என்கிறார்கள். உண்மையா?

இல்லை. பேறு எதிர்பார்க்கும் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு முழுச் சம்பளத்துடன் 26 வாரம். அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 1961ஆம் ஆண்டுப் பேறுகால நலச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. இந்தக் கணக்குகள் அதிலும் மாறவில்லை.

விடுப்பை வாயால் கேட்காதீர்கள். கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கேள்வி: ஒப்பந்த வேலை. விடுப்பின் நடுவிலேயே ஒப்பந்தம் முடிகிறது. மீதி வாரங்களுக்குச் சம்பளம் உண்டா?

உண்டு. 2023இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன் அக்கா. ஆறாம் மாதம். "இப்போது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, குழந்தை பிறந்த பிறகு புதிதாகச் சேர்த்துக்கொள்கிறோம்" என்கிறார் சூப்பர்வைசர். நல்ல மனிதர்தான். எழுதிக் கொடுக்கட்டுமா?

எழுதிக் கொடுக்காதே அம்மா. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நீ கையெழுத்துப் போட்ட தாள் கம்பெனிக் கோப்புக்குப் போய்விடும். நாளைக்கு அவரே வேறு ஊருக்குப் போய்விட்டால் அவர் சொன்ன சொல்லுக்குச் சாட்சி கிடையாது.

இப்படித்தான் ஒரு பெண் என்னிடம் வந்தார். நாலரை ஆண்டு அதே மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாள், கீழே தமிழில் அவர் கையெழுத்து. தேதியை மட்டும் யாரோ வேறு மையில் எழுதியிருந்தார்கள். விடுப்பு விண்ணப்பம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அது ராஜினாமா. இன்னும் ஆறு மாதம் இருந்திருந்தால் ஐந்தாண்டு முடிந்து பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) தகுதி வந்திருக்கும். சட்டப்படி எடுக்கும் 26 வார விடுப்பும் தொடர் பணியாகவே கணக்கில் சேரும் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கு முடிந்தபோது அவருடைய மகள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

உன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள் என்றால், முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தாலே 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகம் உன் வங்கிக் கணக்கில் போடும். முதலாளி கையைவிட்டுக் கொடுப்பதில்லை. பிறகு எதற்கு உன்னை எழுதித் தரச் சொல்கிறார்கள்? பழைய ஆளின் கணக்கை முடித்துவிட்டுப் புது ஆளாகச் சேர்த்தால் அவர்களுக்கு லாபம், அதற்குத்தான்.

கேள்வி: பட்டறையில் 14 பேர். மேற்பார்வை பார்க்கும் பெண்ணுக்கு 26 வாரச் சம்பளமும் கொடுத்து, அவர் இடத்துக்கு வேறு ஆளும் வைத்தால் எனக்குத் தாங்காது. இனிப் பெண்களை எடுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களின் பேறுகாலப் பணம் இ.எஸ்.ஐ.யிலிருந்து வரும். அதற்கு மேல் வாங்குபவர்களின் சுமை முழுக்க உங்கள் தலையில்தான். ஒரு தனி முதலாளிமேல் இந்தச் செலவைச் சுமத்தக் கூடாது, காப்பீட்டிலிருந்தோ பொதுப் பணத்திலிருந்தோ வர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை ஏற்கவில்லை. உங்கள் சங்கம் அரசிடம் இதைக் கேட்கட்டும். நானும் கூட நிற்கிறேன்.

மற்றப் பாதி தவறு. ஆணா பெண்ணா என்று பார்த்து ஆளெடுப்பதை 1976 முதலே சட்டம் தடுக்கிறது.

கேள்வி: முதலாளிக்குப் பரிந்து பேசுகிறீர்களே! நேர்காணலில் "கல்யாணம் ஆகிவிட்டதா, குழந்தை எப்போது" என்று கேட்கப்பட்ட எங்களுக்கு என்ன பதில்?

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழந்தைக்காக விடுப்பு எடுப்பவர் தாய் மட்டும்தான் என்று சட்டமே வைத்திருக்கும்வரை முதலாளியின் கண் பெண்மேல்தான் விழும். மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் உண்டு. தனியாரில் வேலை பார்க்கும் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை. சம்பள ஒப்பந்தப் பேச்சில் ஆண்கள் இதைக் கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் நான் இதைப் பார்த்ததில்லை. வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: ஆண்களுக்கு விடுப்புக் கொடுத்தால் வீட்டில் படுத்துத் தூங்குவார்கள்.

சிலர் தூங்குவார்கள். அதற்காக எல்லோருக்கும் மறுக்க முடியுமா? அறுவைப் பேறு என்றால் தாய் எழுந்து நடக்கவே நாளாகும். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றால் நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதற்கெல்லாம் பெண்ணின் அம்மாவையே எத்தனை காலம் வரவழைப்பது? இந்த வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். காப்பகம் பற்றிக் கேட்டவர் நெடுநேரமாகக் காத்திருக்கிறார்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 70 பேர். பெண்கள் 18 பேர்தான் என்பதால் காப்பகம் தேவையில்லையாம்.

சட்டம் பெண்களை எண்ணச் சொல்லவில்லை. மொத்தம் 50 பேர் இருந்தாலே காப்பக வசதி வேண்டும். ஓய்வு நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் போய்க் குழந்தையைப் பார்க்கலாம்.

அறை மட்டும் கட்டினால் காப்பகம் ஆகிவிடாது. ஓர் ஆலையில் ஆய்வாளரோடு போயிருந்தேன். காப்பகத்துச் சாவியைத் தேடவே 20 நிமிடம் ஆயிற்று. உள்ளே சுவரில் முயலும் கிளியும் அழகாக வரைந்திருந்தார்கள். தொட்டில் கட்டும் கொக்கிகளுக்குக் கீழே நூல்கோன் மூட்டைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அதே கட்டடத்தில் மார்பில் பால் கட்டி, கழிப்பறையில் பீய்ச்சிவிட்டு வந்து தைத்துக்கொண்டிருந்தாள் ஒரு தாய். அவளுடைய நான்கு மாதக் குழந்தை ஊரில் ஆத்தாவிடம் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது.

கேள்வி: சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, விடுப்புக் கிடைக்குமா?

80 நாள். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: "ராஜினாமா கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்கிறார் மேலாளர். நம்பலாமா?

இதே கேள்வியை இன்றைக்கு மட்டும் ஐந்தாவது முறையாகப் படிக்கிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளிலும் போடாதீர்கள். விடுப்பில் இருக்கும்போது நீக்கினால் 60 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யுங்கள்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை. மறுமணம். முதல் மணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளைக் காட்டி விடுப்பை மறுக்கிறார்கள்.

உங்களைப் போன்றே மறுமணம் செய்துகொண்ட தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை உமாதேவி தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்புத் தர உத்தரவிட்டது. தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

கேள்வி: என் சம்பளம் 17,000. காப்பகத்துக்கே 6,000 போகிறது. வேலையை விட்டுவிடு என்கிறார் கணவர்.

உங்கள் வீட்டு முடிவை நான் எடுக்க முடியாது. கணக்கைச் சரியாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்வேன். காப்பகச் செலவை ஏன் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறீர்கள்? குழந்தை இருவருக்கும்தானே? வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, இ.எஸ்.ஐ. இருந்தால் உங்களை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் கிடைக்கும் மருத்துவம், எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள்.

கேள்வி: மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. இரண்டு நாளில் வந்துவிடு என்கிறார்கள்.

கருச்சிதைவுக்குச் சம்பளத்தோடு ஆறு வாரம் உண்டு, மறுநாளிலிருந்து. மருத்துவர் சான்று வாங்கிக் கடிதத்தோடு இணையுங்கள். நீங்கள் நேரில் போக வேண்டியதில்லை. வீட்டில் யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டுப் படுத்திருங்கள்.