ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்டு போதுமா? – பைக் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டூரிங், அட்வெஞ்சர் பைக் (நீண்ட பயணத்துக்கும் கரடுமுரடான சாலைக்கும் ஏற்ற வண்டி) வாங்குவதைப் பற்றியவை. அதனால் மற்றதையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். செயினுக்கு எண்ணெய் விடுவது பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 பார்க்கப் போனேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். பின்னால் ஷோரூம் தம்பி வேறு உட்கார்ந்துகொண்டார். பத்து நிமிடத்தில் இதில் என்னத்தைப் பார்ப்பது?
– வாசகர், சேலம்

பதில்: அந்தப் பத்து நிமிடத்தையும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்ப்பதிலேயே பெரும்பாலானோர் தீர்த்துவிடுகிறார்கள். 452 சிசி, 40 குதிரைசக்தி உள்ள வண்டி இழுக்குமா என்று சோதிக்கவே வேண்டாம், இழுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மெதுவாகப் போகும்போது அது உங்கள் கைக்கு அடங்குகிறதா என்பதை. 196 கிலோ வண்டி இது. இந்த மாதிரி வண்டிகள் சாய்வதெல்லாம் பெரும்பாலும் பெட்ரோல் பங்கில், வீட்டு வாசல் சரிவில், பாதி யு-டர்னில் ஆட்டோ குறுக்கே வந்து பிரேக் பிடிக்கும்போதுதான்.

அதனால் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே பாதி வேலை இருக்கிறது. சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள், இறங்கி நின்று பத்தடி முன்னால் தள்ளுங்கள், அப்புறம் பின்னால் தள்ளுங்கள், முடிந்தால் ஷோரூம் சாய்தளத்திலேயே. இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்: டெமோ வண்டியில் பெட்ரோல் அடிமட்டத்தில்தான் கிடக்கும். 17 லிட்டர் டேங்க் நிறைந்தால் பெட்ரோல் மட்டுமே 12 கிலோவுக்கு மேல், அதுவும் உயரத்தில் உட்காரும் கனம். ஷோரூமில் லேசாகத் தெரிந்த வண்டி உங்கள் வீட்டில் அவ்வளவு லேசாக இருக்காது.

கிளம்பியதும் முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, நடக்கிற வேகத்தில் கொஞ்ச தூரம் போங்கள். ஹேண்டில்பாரை முழுதாக ஒடித்து வலப்பக்கம் ஒரு யு-டர்ன், இடப்பக்கம் ஒரு யு-டர்ன். முன் சக்கரம் 21 அங்குலம் என்பதால், 17 அங்குலத்திலிருந்து வருகிறவர்களுக்கு வளைவில் வண்டி சோம்பலாகத் திரும்புவதுபோல் இருக்கும். அது குறையில்லை, கரடுமுரடான சாலைக்காக வைத்த சக்கரம். ஆனால் அது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது வேறு விஷயம். ஸ்பீடு பிரேக்கரில் மூன்றாவது கியரிலேயே ஏறி இறங்கி, அதே கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். தட்டுகிறதா, உதறுகிறதா? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் உங்களுக்கு நேரப்போவது அதுதான், உச்ச சக்தி எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) மேல் எழுந்து நின்றும் ஓட்டுங்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகு கூனுகிறதென்றால் மண்ரோட்டில் அரை மணி நேரத்தில் இடுப்பு கழன்றுவிடும்.

நெடுஞ்சாலை கிடைத்தால் 80-இல் வைத்துக்கொள்ளுங்கள். நாலு வழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 2018-இல் மத்திய அரசு வைத்த உச்ச வேகமே அதுதான், ஆகவே 140-இல் நிலையாக நிற்கிறதா என்ற ஆராய்ச்சி வேண்டாம். 80-இல் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெளிவாகத் தெரிகிறதா, கைப்பிடியில் அதிர்வு வருகிறதா, காற்று நெஞ்சில் அடிக்கிறதா ஹெல்மெட்டில் அடிக்கிறதா என்று கவனியுங்கள். ஹெல்மெட் உங்களுடையதாக இருக்க வேண்டும், ஷோரூமின் வியர்வை ஹெல்மெட்டை மாட்டினால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. பின்னால் யாரும் இல்லாத இடத்தில் ஒரு முறை நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள்.

திரும்பி வந்ததும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். சிக்னலில் நிற்பதுபோல் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்தால் சூடு எந்தக் காலில் அடிக்கிறது என்று தெரிந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஐந்து ரோட்டில் நிற்கப்போகிறவர் நீங்கள்தானே.

பின்னால் உட்கார்ந்த தம்பியை அடுத்த தடவை வேறு வண்டியில் கூட வரச் சொல்லுங்கள். ஆமாம், அடுத்த தடவை. வாரநாளில் காலை பதினோரு மணி வாக்கில், கூட்டம் இல்லாத நேரமாகப் போய் இரண்டாவது ரைடு கேளுங்கள். மூன்றரை லட்சத்தை நெருங்கும் பொருளுக்கு இரண்டு ரைடு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். எந்த அட்வெஞ்சர் பைக்கில் உட்கார்ந்தாலும் கால்விரல்தான் தரையில் படுகிறது. “பழகிடும் மேடம்” என்கிறார்கள். பழகுமா?
– வாசகி, கோவை

பதில்: பாதி பழகும், மீதி பழகாது. எது பழகும் என்பதைப் பணம் கட்டும் முன் நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

எண்களைப் பார்ப்போம். ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர், ஏற்றி வைத்தால் 845. கேடிஎம் 390 அட்வெஞ்சர் 830. சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் 835. எல்லாமே 32 அங்குலத்துக்கு மேல். உங்கள் உயரத்துக்குக் கால் நீளம் தோராயமாக 28, 29 அங்குலம் இருக்கும், ஆகவே இரண்டு பாதமும் தரையில் படாதது இயல்பு. ஆனால் உயரம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இவற்றில் உயரமான சீட், ஆனால் எடை 167 கிலோ. ஹிமாலயனைவிட கிட்டத்தட்ட முப்பது கிலோ குறைவு. சாய்கிற வண்டியைத் தாங்குவதற்கு அந்த முப்பது கிலோதான் கணக்கு. சீட்டின் முன்பக்கம் எவ்வளவு அகலம் என்பதும் முக்கியம், அகலமாக இருந்தால் தொடை விரிந்து கால் இன்னும் மேலே போய்விடும்.

இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். இடுப்பை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, இடது பாதத்தை முழுசாக ஊன்றி, வலது காலைப் பிரேக்கிலேயே வைத்து நிற்க முடிகிறதா என்று பாருங்கள். இது பழகும். சாலையோரம் இடப்பக்கம் தாழ்ந்திருக்கும் இடத்தில் நிறுத்தினால் தரை இன்னும் கீழே போய்விடும், அதைச் சமாளிப்பதும் ஓரளவு பழகும். சாய்ந்துகொண்டிருக்கும் வண்டியை ஒற்றைக் காலில் தூக்கி நிறுத்துவது பழகாது, அதற்கு எடை குறைவான வண்டிதான் வழி. டெஸ்ட் ரைடுக்கு வழக்கமாகப் போடும் ஷூவையே போட்டுப் போங்கள். வீட்டில் ரைடிங் பூட் இருந்தால் அதையே போடுங்கள், அடி தடிமனாக இருப்பதால் கொஞ்சம் உயரம் கூடும். ஹிமாலயனுக்கு 805-க்கு இறக்கும் தாழ்வான சீட்டும் கம்பெனியிலேயே உண்டு, அதை மாட்டிய டெமோ கேளுங்கள். சஸ்பென்ஷனை இறக்கித் தருகிறேன் என்று வெளியே யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். வண்டி தாழ்ந்தாலும் சைடு ஸ்டாண்டின் நீளம் அப்படியேதான் இருக்கும், நிறுத்தும்போது வண்டி நேராக நின்று மறுபக்கம் விழப் பார்க்கும்.

கேள்வி: மனைவியும் பயணங்களுக்கு வருவார். டெஸ்ட் ரைடுக்கு அவரையும் கூட்டிப் போக வேண்டுமா? “நீங்களே பாத்துட்டு வாங்க” என்கிறார்.
– வாசகர், மதுரை

பதில்: இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இந்த வண்டிகளில் பின்சீட் ஓட்டுபவரின் சீட்டைவிட உயரம். ஏறுவதற்கே ஃபுட்பெக்கை மிதித்து, உங்கள் தோளைப் பிடித்து, காலைச் சுழற்றிப் போட வேண்டும். பின்னால் பெட்டி மாட்டினால் அதுவும் முடியாது. புடவையோ சுடிதாரோ எதில் வருவாரோ அதிலேயே ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அவர் உட்கார்ந்த பிறகு பின் சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்குகிறது, ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டுகிறதா, அவர் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பாருங்கள். பின் ஸ்பிரிங்கின் ப்ரீலோடை, அதாவது அதன் இறுக்கத்தை, இருவர் எடைக்கு ஏற்றித் தரச் சொல்லுங்கள், ஷோரூம் ஆள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். முடிந்ததும் கருத்தை அவரிடமே கேளுங்கள், ஷோரூம் ஆட்கள் முன்னால் வேண்டாம், வெளியே டீக்கடையில்.

கேள்வி: புக்கிங் பணம் கட்டினால்தான் டெஸ்ட் ரைடு என்கிறார்கள். ஓட்டும்போது வண்டி விழுந்தால் செலவு என் தலையில் என்று ஒரு படிவமும் நீட்டினார்கள். சரிதானா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பணம் கட்டாதீர்கள். திருப்பித் தருவோம் என்று வாயால் சொல்வது வேறு, ரசீதில் எழுதித் தருவது வேறு. இன்னொரு டீலர் நாகர்கோவிலிலோ மதுரையிலோ இருப்பார், ஒரு பஸ் பயணம்தான்.

படிவம் என்பது பல இடங்களில் வழக்கம், ஆனால் கையெழுத்துக்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: டெமோ வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, விழுந்தால் நான் தர வேண்டியது அதிகபட்சம் எவ்வளவு? தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே ஒரிஜினல் லைசென்ஸ் கையில் இருக்கட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடலை வாடகைக்கு எடுங்கள். பெங்களூரு போன்ற ஊர்களில் ஹிமாலயன், 390 அட்வெஞ்சர் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன, கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும் நம்பர் பிளேட். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓட்டினால் முதல் நாள் சாயங்காலம் பின்பக்கம் வலிக்கிறதா, மறுநாள் காலை மறுபடி ஏறத் தோன்றுகிறதா என்று தெரிந்துவிடும். எந்த ஷோரூமும் இதைக் காட்ட முடியாது.

கேள்வி: டெஸ்ட் ரைடில் மைலேஜ் பார்க்க முடியுமா?
– வாசகர், கரூர்

பதில்: முடியாது. அதே வண்டி வைத்திருப்பவரை டீக்கடையில் பிடியுங்கள்.

கேள்வி: 250 சிசியா 450 சிசியா என்று குழப்பம். வாரநாளில் ஆபீஸ், வருடத்துக்கு இரண்டு பெரிய பயணம், என்றாவது ஒரு நாள் லடாக். நண்பர்கள் எல்லாம் பெரிசாக வாங்கு என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

பதில்: நண்பர்களா இஎம்ஐ கட்டப்போகிறார்கள்? 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது, 350-ஐத் தாண்டினால் 40 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் இருந்த விலைப் பள்ளம் இன்னும் ஆழமாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே பாதையில் ஓட்டுங்கள். வெவ்வேறு வாரம் ஓட்டினால் கடைசியாக ஓட்டியதுதான் நல்லதாகத் தோன்றும். பெரியதை முதலிலும் சிறியதைப் பிறகும் ஓட்டுவது என் யோசனை, ஏனென்றால் தலைகீழாகச் செய்தால் 40 குதிரைசக்தியின் போதையோடு வீட்டுக்கு வருவீர்கள்.

உங்கள் வாரநாள் ஆபீஸ் பாதையும் அதில் இருக்கட்டும். லடாக் வருடத்தில் பத்து நாள், அதுவும் என்றைக்கோ. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் நெரிசலில் தினமும் கிளட்ச் பிடிக்கப்போவது உங்கள் இடது கைதான். ஆனால் நெடுஞ்சாலையில் இரண்டு பேர், சாமான், எதிர்க்காற்று என்று போகும்போது 250 மூச்சு வாங்கும், முந்திச் செல்ல இடம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அந்தப் பெரிய பயணங்கள் தனியாளாகவா, ஜோடியாகவா என்று நீங்கள் எழுதவில்லை. தனியாள் என்றால் 250 போதும் என்பேன்.

கேள்வி: பழைய ஹிமாலயன் 411 ஒன்று விலைக்கு வருகிறது. ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம், குளிர்ந்த நிலையில் எப்படிப் பிடிக்கிறது என்பதை மறைக்கிறார்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் ‘டக்’கென்று ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) போய்விட்டது, மண்ரோட்டில் நன்றாக அடி வாங்கிய வண்டி. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஸ்போக் தளர்ச்சி, கிராஷ் கார்டின் கீழ்ப்பக்கக் கீறல் மூன்றையும் பாருங்கள். ஓட்டும்போது நேர் சாலையில், மெதுவான வேகத்தில், கைப்பிடியை மிக லேசாகப் பிடித்து வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் பெரிதாக விழுந்து எழுந்த வண்டியாக இருக்கலாம்.

இந்த மாடல் 2016-இல் வந்தது. ஆரம்ப வருட வண்டிகளில் இருப்பது கார்புரேட்டர்; பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது. விலையில் பத்தாயிரம் இருபதாயிரம் அதிகமானாலும் ஏபிஎஸ் உள்ள பிந்தைய வண்டியைத் தேடுங்கள். சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் அவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள், வாங்காமல் திரும்பினாலும்.