கேளுங்க, சொல்றேன்

கேள்வி: 'மங்க்' என்ற அமெரிக்கத் துப்பறியும் டிவி தொடரில் துப்பறிபவரான மங்க்கையே மனநல மருத்துவமனையில் சேர்க்கும் எபிசோடைப் பார்த்து என் மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் உறுத்தியது. நோயாளிகளைக் கேலி செய்வது சரியா? அப்புறம், நம் ஊரில் ஒருவரை அப்படிப் பிடித்து வைக்க முடியுமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மாமியார் கட்சிதான் நான்! 2002இல் வந்த முதல் சீசன் எபிசோட் அது. செத்துப்போன மனைவியோடு முன்பு குடியிருந்த வீட்டுக்குள் மங்க் தன்னை மறந்து போய், இப்போது அங்கே வேறு யாரோ குடியிருப்பதுகூட உறைக்காமல் ராத்திரிச் சாப்பாடு சமைத்துக்கொண்டிருப்பாரே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை, தொண்டை அடைத்தது. உள்ளே போனபின் கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்த்தேன் என்று ஒரு நோயாளி சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, மங்க் ஒருவர்தான் கேட்கிறார். கடைசியில் கொலையாளி என்று மாட்டிக்கொள்வதும் நோயாளி இல்லை, டாக்டர். அப்படியானால் கேலி யார்மேல்? ஆனால் எதிரே வருபவரை அப்படியே காப்பியடிக்கும் அந்த நோயாளி வர்ஸ்டர் கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் அதே 2002இல் வந்ததுதான். சம்மதம் சொல்ல முடியாத, ஆனால் சிகிச்சை அவசியமான ஒருவருக்காகக் குடும்பத்தார் விண்ணப்பிக்கலாம். மனநலப் பராமரிப்புப் பணியாளர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், பிறகு 72 மணி நேரம் கவனிப்பில் வைப்பார்கள். அதற்கு மேலும் கட்டாயமாக வைத்திருக்க மனநல மறுஆய்வுக் குழு பார்த்தாக வேண்டும். கொலையாளி டாக்டர் நினைத்தபடி ஆட்டிவைக்க முடியாது என்று மாமியாரிடம் சொல்லுங்கள்.